கற்றதைக் காட்டும் ஏடு

நுழையும்முன்

பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒவ்வொருவர் முன்னும் எழும் வினா, 'அடுத்து என்ன படிப்பது?' என்பதாகும். கல்லூரியில் சேர்ந்தவுடன் இவ்வினா தீர்ந்துவிடுவதில்லை. எந்த விருப்பப் பாடத்தைத் தெரிவு செய்வது, எந்தத் திறனை வளர்ப்பது, எங்கே பயிற்சி பெறுவது, பட்டத்திற்குப் பின் எத்திசையில் செல்வது என அது பல வடிவங்களில் தொடர்கிறது. இவ்வினாக்களுக்கு மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து விடை தேடத் துணைபுரியும் ஒரு கருவியே மின்தொகுப்பேடு. அதன் இயல்பையும் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பட்டியலும் வினாவும்

1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் அவ்வாண்டு தமிழாசிரியராகப் பணியேற்றிருந்த உ.வே. சாமிநாதர், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். சாமிநாதருக்கு அப்போது வயது 25. யாரிடம் பாடம் கேட்டீர், என்னென்ன நூல்களைக் கற்றீர் என முதலியார் வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரனாரிடம் தாம் பயின்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் ஆகியவற்றைச் சாமிநாதர் வரிசையாகக் கூறினார். நீண்ட அந்தப் பட்டியலைக் கேட்டும் முதலியார் வியப்படையவில்லை. பழைய நூல்களாகிய சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைக் கற்றதுண்டா எனக் கேட்டார். சாமிநாதர் அவற்றைக் கற்றிருக்கவில்லை. பின்னர் முதலியாரே சிந்தாமணிப் படியொன்றை அவரிடம் கொடுத்துப் படிக்கத் தூண்டினார். 1887இல் சீவகசிந்தாமணி சாமிநாதரின் பதிப்பாக அச்சேறியது. பழந்தமிழ் நூல்கள் பல அவரால் உலகறிய வெளிவந்த வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

இந்நிகழ்ச்சி தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் பெரிதும் பேசப்படுவது. கல்வியியல் நோக்கில் பார்த்தால், இதில் மூன்று கூறுகள் அமைந்துள்ளன. தாம் கற்றவற்றை முறையாகத் தொகுத்துச் சொல்ல ஒருவரால் இயன்றது முதற்கூறு. அத்தொகுப்பைப் பொறுமையுடன் கேட்டு, அதில் இல்லாததை மற்றொருவர் கண்டறிந்தது இரண்டாம் கூறு. அடுத்துச் செய்யத்தக்கது இதுவெனக் கையில் ஒரு நூலைக் கொடுத்தது மூன்றாம் கூறு. பட்டியல் மட்டும் இருந்திருந்தால் ஒரு மாற்றமும் நேர்ந்திராது. பட்டியல் இல்லாமல் வினா மட்டும் எழுந்திருந்தால், அது யாரிடமும் கேட்கத்தக்க பொது வினாவாகவே நின்றிருக்கும். இரண்டும் கூடிய இடத்தில்தான் வழி பிறந்தது.

இன்று உயர்கல்வி நிறுவனங்கள் பேசும் கல்வி வழிகாட்டுதல், மின்தொகுப்பேடு என்னும் இரண்டின் உறவும் இதுவேயாகும்.

கல்வி வழிகாட்டுதல்

மாணவர் ஒருவர் தம் ஆர்வம், ஆற்றல், குடும்பச் சூழல், எதிர்கால நோக்கம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்துப் படிப்பு தொடர்பான முடிவுகளை எடுக்க, ஆசிரியர் தொடர்ந்து உடனிருந்து உதவுவதே கல்வி வழிகாட்டுதல் ஆகும். எல்லா மாணவரும் ஒரே பாடங்களைப் படித்த காலத்தில் இதன் தேவை பெரிதாக உணரப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விருப்பப் பாடமுறை பரவியது. தெரிவுகள் பெருகியபோது தெரிவு செய்யத் துணையும் தேவைப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஹார்வர்டு முதலிய பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு ஆலோசகர்களை அமர்த்தின.

தொடக்கத்தில் இப்பணி, விதிகளை எடுத்துச் சொல்வதாகவும் பாடப் பதிவுக்குக் கையொப்பமிடுவதாகவும் இருந்தது. 1972ஆம் ஆண்டு பர்ன்ஸ் குரூக்ஸ்டன், டெர்ரி ஓபேனியன் என்னும் கல்வியாளர் இருவர் தனித்தனியே எழுதிய கட்டுரைகள் இக்கருத்தை மாற்றின. வழிகாட்டுதலும் கற்பித்தலின் ஒரு வகையே என்றார் குரூக்ஸ்டன். ஓபேனியனோ, வாழ்க்கை நோக்கம், தொழில் நோக்கம், படிப்பு, பாடம், கால அட்டவணை என மேலிருந்து கீழாகச் செல்லும் ஒரு வரிசையை வகுத்தார். அட்டவணையில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடும் ஆலோசனை வழிகாட்டுதல் ஆகாது என்பது அவ்வரிசையின் உட்பொருள்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் இதற்கான அமைப்பு உண்டு. மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கும் முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அவரை 'டியூட்டர்' என்று அழைப்பர். கல்லூரிகளை மதிப்பிடும் தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவாகிய 'நாக்' அமைப்பும், வழிகாட்டு ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மாணவர் என்பதைத் தன் அளவுகோல்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. ஆயினும் அமைப்பு இருப்பதாலேயே உரையாடல் நிகழ்ந்துவிடாது. பல மாணவர்களுக்குப் பொறுப்பேற்ற ஆசிரியர், ஒருவரைச் சந்திக்கும் சில நிமிடங்களில் எதைக் கொண்டு பேசுவார்? அவர்முன் இருப்பவை வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் மட்டுமே எனில், 'வகுப்புக்கு ஒழுங்காக வா, நன்றாகப் படி' என்பதற்குமேல் அவர் என்ன சொல்ல இயலும்?

தொகுப்பேடு என்பது யாது?

ஓவியரும் கட்டடக் கலைஞரும் தம் வரைபடங்களில் சிறந்தவற்றைத் தேர்ந்து ஓர் உறையில் இட்டு வாய்ப்புத் தருவோரிடம் காட்டுவர். 'போர்ட்ஃபோலியோ' எனப்படும் அவ்வழக்கம் பின்னர் கல்வித் துறைக்கு வந்தது. மாணவர் தம் கற்றலின் சான்றுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக் குறித்துத் தம் சொந்தச் சொற்களில் எழுதி வைக்கும் தொகுதியே தொகுப்பேடு. அது கணினியிலோ இணையத்திலோ அமையும்போது மின்தொகுப்பேடு எனப்படுகிறது. கட்டுரை, செய்முறைக் குறிப்பு, ஒளிப்படம், ஒலிப்பதிவு, காணொலி, களப்பணி அறிக்கை என எவ்வகைச் சான்றும் அதில் இடம்பெறலாம்.

பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் திரள் பதிவேடு ஒன்று உண்டு. அதனை எழுதுபவர் ஆசிரியர். அது மாணவரைப் பற்றியது. தொகுப்பேட்டை எழுதுபவர் மாணவர், அது அவருடையது. இவ்வேறுபாடு அடிப்படையானது. திரள் பதிவேட்டில் மாணவர் பேசப்படுகிறார். தொகுப்பேட்டில் அவரே பேசுகிறார்.

தொகுப்பேட்டில் அமைய வேண்டியவற்றை நான்காகப் பகுக்கலாம். முதலாவது சான்று, அதாவது மாணவர் செய்த ஒன்று. இரண்டாவது சூழல், அதனை எப்போது, எங்கே, எதற்காகச் செய்தார் என்னும் குறிப்பு. மூன்றாவது சிந்தனை, அதில் தெளிந்தது எது, தடுமாறியது எங்கே என்னும் எண்ணம். நான்காவது அடுத்த அடி. இனிச் செய்யக் கருதுவது. இந்நான்கனுள் முதலிரண்டும் எளிதில் நிரம்பிவிடும். பின்னிரண்டுமே தொகுப்பேட்டுக்கு உயிர் தருவன.

தெரிந்து தெளிவோம்

'போர்ட்ஃபோலியோ' என்னும் சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. சுமத்தல் என்னும் பொருளுடைய சொல்லும், இலை அல்லது தாள் என்னும் பொருளுடைய சொல்லும் சேர்ந்து உருவானது அது. தமிழிலும் 'ஏடு' என்பது இதழையும் பனையோலையையும் குறித்துப் பின்னர் எழுதப்பட்ட தாளையும் குறிக்கலாயிற்று. மின்தொகுப்பேடு உருவாக்கப் பயன்படும் கட்டற்ற மென்பொருள்களுள் ஒன்று 'மஹாரா'. 2006ஆம் ஆண்டு நியூசிலாந்தில் தொடங்கப்பட்டது. 'மஹாரா' என்பது அந்நாட்டுப் பழங்குடியினரின் மாவோரி மொழியில் சிந்தித்தல் என்று பொருள்படும்.

ஏரியூரிலிருந்து ஒரு மாணவி

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், மேட்டூர் அணையின் நீர்ப்பரப்புக்கு அண்மையில் அமைந்த ஊர் ஏரியூர். சுற்றிலும் மானாவாரி நிலங்கள். கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் விளையும் பகுதி இது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் கூலி வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்வோர் பலர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எழுத்தறிவு விழுக்காடு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரியே. அந்நிலையை மாற்றும் முயற்சிகளுள் ஒன்றாக, அண்மை ஆண்டுகளில் ஏரியூரிலேயே அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரி தொடங்கப்பட்டுள்ளது. தொலைவைக் காரணம் காட்டிப் படிப்பு நிறுத்தப்பட்ட பெண்களுக்கு இதனால் வாயில் திறந்தது.

வாயில் திறந்தபின் வருவது அடுத்த சிக்கல். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு, வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லை. பருவத்தேர்வு என்றால் என்ன, துணைப்பாடத்தில் தோற்றால் பட்டம் கிடைக்குமா, முதுநிலையில் துறை மாறலாமா என்பன பட்டதாரிக் குடும்பத்தில் உணவு வேளையில் பேசித் தீரும் வினாக்கள். முதல் தலைமுறை மாணவருக்கு அவை இரவில் உறக்கம் கெடுப்பவை.

ஏரியூர்ப் பகுதியிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். அவர் இளநிலைத் தாவரவியல் பயில்கிறார். பெற்றோர் ஆண்டில் சில மாதங்கள் கட்டட வேலைக்காக வெளியூர் சென்றுவிடுவர். வீட்டில் பாட்டி மட்டுமே துணை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றவர், கல்லூரியில் ஆங்கிலவழிக்கு மாறுகிறார். முதற்பருவத்தில் துணைப்பாடமாகிய வேதியியலில் தேர்ச்சி பெறவில்லை. தம்மால் இப்படிப்பு இயலாது என எண்ணத் தொடங்குகிறார். 'படித்தது போதும், நல்ல இடம் வந்திருக்கிறது' என்னும் உறவினரின் பேச்சும் அவ்வேளையில்தான் எழுகிறது.

மதிப்பெண் சான்று மட்டும் முன்னிருந்தால், வழிகாட்டு ஆசிரியருக்குத் தெரிவது ஒன்றே: வேதியியலில் தோல்வி. அம்மாணவியிடம் தொகுப்பேடு ஒன்று இருந்து, அதில் அவர் பின்வருமாறு எழுதியிருந்தால் நிலைமை வேறாகும்.

'பருமனறி பகுப்பாய்வை ஆய்வகத்தில் மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் முடிவு சரியாக வந்தது. ஏன் அவ்வாறு வருகிறது என்று தோழிக்குத் தமிழில் விளக்கினேன். தேர்வில் அதே வினா வந்தது. விடை தெரிந்தும் ஆங்கிலத்தில் இரண்டாவது வாக்கியத்துக்கு மேல் எழுத வரவில்லை.'

ஐந்து வரிகளே. ஆனால் தடை எங்கே இருக்கிறது என்பதை அவை காட்டிவிடுகின்றன. தடை வேதியியலில் இல்லை. தேர்வு மொழியில் இருக்கிறது. இதனைப் படிக்கும் ஆசிரியர், படிப்பை விடலாமா என்ற பேச்சுக்கே இடம் தராமல், கலைச்சொற்களை இரு மொழிகளிலும் எழுதிப் பழகவும், வாரம் ஒரு விடையை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டவும் சொல்ல முடியும். மருந்து நோய்க்குப் பொருந்துகிறது.

அதே மாணவி இரண்டாமாண்டில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்கிறார். சாமையை வண்டு தாக்காமல் வைத்திருக்கும் முறையைத் தம் பாட்டி சொல்லக் கேட்டு, கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்கிறார். ஊரில் இன்னும் எவரெவர் சாமை விதைக்கின்றனர் எனக் கேட்டுக் குறிக்கிறார். இவற்றுக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் சான்றில் இவற்றின் சுவடும் இராது. தொகுப்பேட்டில் மூன்று பருவங்களாகச் சிறுதானியம் தொடர்பான பதிவுகள் மீண்டும் மீண்டும் வருவதை வழிகாட்டு ஆசிரியர் கவனிக்கிறார். மாணவி தாமே அறியாத ஆர்வம் ஒன்று அங்கே தென்படுகிறது. கோடை விடுமுறையில் பாப்பாரப்பட்டியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிப் பயிற்சி பெற வாய்ப்புண்டா எனக் கேட்டுப் பார்க்கலாமே என்கிறார். திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்குவதையும் எடுத்துச் சொல்கிறார். விதை, பயிர்ப்பெருக்கம், உணவுப்பொருள் பாதுகாப்பு என்னும் துறைகளின் பெயர்கள் அம்மாணவியின் காதில் முதன்முறையாக விழுகின்றன.

பெற்றோர் சந்திப்பிலும் இவ்வேடு பயன்படும். ஆங்கில மதிப்பெண் சான்றைத் தந்தையால் படிக்க இயலாமல் போகலாம். தம் தாயின் குரலில் அமைந்த ஒலிப்பதிவைக் கேட்கவும், அதனை மகள் எவ்வளவு ஒழுங்காகக் குறிப்பெடுத்திருக்கிறார் எனப் பார்க்கவும் அவரால் இயலும். மகள் கல்லூரியில் என்ன செய்கிறார் என்பதற்கு வீட்டாருக்குப் புரியும் விடை கிடைக்கிறது. படிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்னும் முடிவு பெரும்பாலும் வீட்டில்தான் எடுக்கப்படுகிறது என்பதால் இது சிறிய பயன் அன்று.

உரையாடலின் ஒழுங்கு

தொகுப்பேட்டின் துணையுடன் நடைபெறும் வழிகாட்டுதல் மூன்று நிலைகளை உடையது. சந்திப்புக்கு முன், மாணவர் அப்பருவத்தில் தாம் சேர்த்தவற்றுள் இரண்டையோ மூன்றையோ தேர்ந்தெடுத்து, அவற்றை ஏன் தேர்ந்தெடுத்தார் என ஒரு பத்தி எழுதுகிறார். ஆசிரியர் அதனை முன்னரே படித்துவிடுகிறார். சந்திப்பின்போது, தகவல் கேட்பதில் நேரம் கழியாமல் வினாக்கள் எழுகின்றன. 'இதில் உனக்கு எளிதாக வந்தது எது?', 'இதை மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்?', 'இந்த ஆர்வம் எங்கே கொண்டு செல்லும் என நினைக்கிறாய்?' என்பன அத்தகையவை. சந்திப்புக்குப் பின், இருவரும் ஒப்பிய அடுத்த அடியை மாணவர் தம் ஏட்டில் பதிகிறார். அடுத்த பருவத்தின் உரையாடல் அவ்வரியிலிருந்து தொடங்கும்.

இதனால் வழிகாட்டுதலுக்குத் தொடர்ச்சி கிடைக்கிறது. அரசுக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் இடமாற்றம் பெறுவது இயல்பு. ஓர் ஆசிரியர் மாறிச் செல்லும்போது, மாணவரைப் பற்றி அவர் அறிந்தவையும் அவருடனேயே சென்றுவிடும். தொகுப்பேடு இருப்பின், புதிதாக வரும் ஆசிரியர் முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை.

பிற நாடுகளில்

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாகிய லகுவார்டியா சமுதாயக் கல்லூரி, மின்தொகுப்பேட்டுக்குப் பெயர் பெற்றது. அங்குப் பயில்வோருள் பலர் வேறு நாடுகளிலிருந்து குடியேறிய எளிய குடும்பத்தினர்; ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அக்கல்லூரி தொகுப்பேட்டைப் பாடங்களோடு இணைத்தது. பின்னர் முதலாண்டு மாணவர்க்கான கருத்தரங்க வகுப்பிலும் ஆலோசனையிலும் அதனைப் பயன்படுத்தியது. மில்வாக்கி நகரிலுள்ள ஆல்வெர்னோ கல்லூரி, எழுத்துத் தரநிலைகளை விடுத்துத் திறன்களின் வழியாக மாணவியரை மதிப்பிட்டு வந்த நிறுவனம். கணினிவழித் தொகுப்பேட்டை முற்பட ஏற்ற கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. 2016ஆம் ஆண்டு, அமெரிக்கக் கல்லூரிகள் மற்றும் பல்கலைக்கழகங்களின் சங்கம், கற்றலில் மிகுந்த பயன்தரும் நடைமுறைகளின் வரிசையில் மின்தொகுப்பேட்டைப் பதினொன்றாவதாகச் சேர்த்தது.

செல்வச் செழிப்புள்ள பல்கலைக்கழகங்களில் மட்டும் இம்முறை வேரூன்றவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத மாணவர்கள் நிறைந்த கல்லூரியில்தான் இதன் தேவை கூடுதலாக உணரப்பட்டது.

நம் நாட்டில்

இந்தியாவில் மாணவரின் ஆவணங்களை மின்னணு வடிவில் காக்கும் ஏற்பாடுகள் அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ளன. 2015இல் தொடங்கப்பட்ட 'டிஜிலாக்கர்' சான்றிதழ்களைச் சேமிக்கிறது. 2021ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படி அமைந்த கல்வி மதிப்புப்புள்ளி வங்கி, மாணவர் பெற்ற புள்ளிகளைக் கணக்கு வைக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சிகளையும் உயர்கல்வி, வேலைவாய்ப்புக்கான வழிகாட்டலையும் வழங்குகிறது. பள்ளி மாணவர்க்கான 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் இத்திட்டத்தின் பகுதியே. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டமும் அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்டது.

இவை அனைத்தும் தேவையானவை. எனினும் இவற்றையும் மின்தொகுப்பேட்டையும் ஒன்றெனக் கருதலாகாது. டிஜிலாக்கரில் இருப்பது நிறுவனம் வழங்கிய சான்று. மதிப்புப்புள்ளி வங்கியில் இருப்பது நிறுவனம் ஏற்றிய எண். ஒரு மாணவர் தேர்ச்சி பெற்றார் என்பதை அவை ஐயமின்றி உறுதிசெய்யும். அவர் எப்படிக் கற்றார், எங்கே தடுமாறினார், எதை விரும்பினார் என்பவற்றை அவை சொல்லா. அதனைச் சொல்லத்தக்கவர் மாணவர் ஒருவரே. சான்றுப்பெட்டியும் தொகுப்பேடும் ஒன்றையொன்று நிறைவு செய்வன; ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கருத்தில் கொள்ள வேண்டியவை

எந்த நல்ல கருவியும் சடங்காக மாறினால் பயன் இழக்கும். தொகுப்பேடும் அதற்கு விலக்கன்று. கல்லூரி மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முன் ஒரே வாரத்தில் அனைவரும் நிரப்ப வேண்டிய மற்றொரு படிவமாக அது ஆகிவிட்டால், ஒருவர் எழுதியதைப் பிறர் பார்த்து எழுதுவர். எவரும் படிக்க மாட்டார். யாரும் படிக்காத ஏட்டில் உண்மையை எழுத யாருக்கும் மனம் வராது. ஆகவே, ஆசிரியர் படிக்க இயலும் அளவுக்கே மாணவர் எழுத வேண்டும். பருவத்திற்கு இரண்டு மூன்று பதிவுகளும் ஒரு சந்திப்பும் உறுதியாக நடைபெறுவது, நூறு கோப்புகளைச் சேர்ப்பதினும் மேலானது.

இரண்டாவது இடர், காட்சிப்படுத்தும் ஆசை. வேலை தருவோருக்குக் காட்டும் தொகுப்பேட்டில் வெற்றிகள் மட்டும் இருக்கலாம். வழிகாட்டு ஆசிரியரிடம் காட்டும் தொகுப்பேட்டில் தோல்விகளும் இருக்க வேண்டும். நோயை மறைத்து மருத்துவரிடம் செல்வதில் பயனில்லை. எனவே இவ்விரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்வது முறை. தோல்வியைக் குறித்து எழுதியது மதிப்பெண்ணைக் குறைக்காது என்னும் உறுதியை ஆசிரியர் மாணவருக்குத் தருதலும் இன்றியமையாதது.

மூன்றாவது, தன்மறைப்பு. தொகுப்பேட்டில் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண், வீட்டு முகவரி ஆகியவற்றை இடலாகாது. பிறருடைய ஒளிப்படத்தையோ குரலையோ அவர் இசைவின்றிச் சேர்த்தல் தவறு. யார் எப்பகுதியைப் பார்க்கலாம் என்பதை மாணவரே தீர்மானிக்க வேண்டும். இந்திய நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தரவைக் கையாள அவரது இசைவு வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது; 18 வயது நிறையாதவர்க்குப் பெற்றோரின் இசைவையும் வேண்டுகிறது.

நான்காவது, வசதி. எல்லா மாணவரிடமும் மடிக்கணினி இராது. மலையடிவார ஊர்கள் சிலவற்றில் இணையத் தொடர்பு சீராகக் கிடைப்பதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரே கைப்பேசி இருக்கும் இடங்களும் உண்டு. ஆகையால் தொகுப்பேட்டுக்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டும் என விதித்தல், அது யாருக்கு மிகுதியும் உதவ வேண்டுமோ அவரையே விலக்குவதாகும். கூகுள் டிரைவில் ஒரு கோப்புறை போதும். அதுவும் இயலாதபோது நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் அதன் பக்கங்களைப் படமெடுத்துப் பின்னர் ஏற்றிக்கொள்ளலாம். 'மின்' என்னும் அடைமொழி தரும் நன்மை, ஏடு தொலையாமல் இருப்பதும், எங்கிருந்தும் காட்டத்தக்கதாய் இருப்பதும், குரலையும் படத்தையும் ஏற்பதும் ஆகும். சிந்தனையை எழுதும் பழக்கம் காகிதத்திலும் வளரும்.

இன்றே தொடங்கலாம்

கல்லூரியில் சேரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் மாதம் ஒரு பதிவு எழுதினால், பள்ளியிலிருந்து வெளியேறும்போது இருபதுக்கும் குறையாத பதிவுகள் அவரிடம் இருக்கும். ஓர் அறிவியல் செய்முறை, ஒரு பேச்சுப்போட்டி, வயலில் செய்த வேலை, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மாலை, விடுமுறையில் கடையில் கணக்கு எழுதிய அனுபவம் என எதுவும் பதிவாகலாம். வகுப்பறைக்குள் நிகழ்வது மட்டுமே கற்றல் என எண்ண வேண்டா. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் இரண்டு வினாக்களுக்கு விடை எழுதினால் போதும்: இதில் நான் புதிதாக அறிந்தது என்ன? இன்னும் எனக்குப் புரியாதது என்ன?

இரண்டாவது வினாவே கடினமானது. பயன் மிகுந்ததும் அதுவே. புரியாததைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த மாணவருக்கு உதவுவது எளிது. எழுதியதை ஓர் ஆசிரியரிடமோ, கல்லூரியில் பயிலும் மூத்த மாணவரிடமோ காட்டிக் கருத்துக் கேட்பது அடுத்த படி. எழுதியவர் காணாத ஒன்றைப் படிப்பவர் காண்பார். பலருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை காற்றோடு போய்விடும். தம் எழுத்தைப் படித்துவிட்டு ஒருவர் கேட்கும் ஒரு வினா நெடுநாள் நிலைத்திருக்கும். அவ்வினா பிறப்பதற்கான இடத்தைத் தொகுப்பேடு அமைத்துத் தருகிறது; மற்றவை மாணவரின் உழைப்பையும் ஆசிரியரின் அக்கறையையும் பொறுத்தவை.

கற்பவை கற்றபின்

1. இவ்வாண்டில் நீங்கள் செய்த ஏதேனும் ஒரு செயலைத் தேர்ந்து, சான்று, சூழல், சிந்தனை, அடுத்த அடி என்னும் நான்கு தலைப்புகளில் ஒரு பக்கம் எழுதுக.

2. திரள் பதிவேட்டுக்கும் தொகுப்பேட்டுக்கும் உள்ள வேறுபாடுகளை வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குச் சென்ற ஒருவரைச் சந்தித்து, படிப்பு தொடர்பான முடிவுகளில் அவருக்குத் துணைநின்றவர் யாவர் எனக் கேட்டு, அவர் இசைவுடன் குறிப்பெடுத்து வருக.

4. உங்கள் நண்பரின் பதிவு ஒன்றைப் படித்து, அறிவுரை எதுவும் கூறாமல், அவரைச் சிந்திக்கத் தூண்டும் மூன்று வினாக்களை மட்டும் எழுதித் தருக.